அக்கா கட்டிய சிப்பம்

நான் படித்தது மூன்றாம் கிளாஸ். அதுவும் முழுசாக இல்லை. ஆனாலும் புதுக்கோட்டையில் கருவாட்டு மண்டி எது என்று யாரைக் கேட்டாலும் என் கடையைத்தான் கை காட்டுவார்கள். என் ஆள் வந்து நிற்காமல் கட்டுமாவடிக் கரையில் விலை பேசமாட்டார்கள் என்று ஒரு காலம் இருந்தது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அறந்தாங்கி ரோட்டில் வெறுங்காலோடு நடந்தவன் நான். அப்புறம் சொந்தத்தில் மாட்டுவண்டி மூன்று, கல்லுக் கட்டடத்தில் மண்டி, அதை ஒட்டி மச்சு வைத்த வீடு. பெருமைக்குச் சொல்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். பெருமைதான். எனக்கு எவனும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு ஆளைத் தவிர. அது என் அக்கா.

அக்காவின் பெயரை நான் இதில் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒரு தடவை வேண்டுமென்றே மாற்றி எழுத வைத்தவன் நான். மறுபடி எழுத எனக்குக் கை வரவில்லை. அக்கா என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்கு ஐந்து வயசில் ஜன்னி கண்டது. உசிரு மிஞ்சியது, பேச்சுத்தான் போய்விட்டது என்று ஆத்தா எல்லாரிடமும் சொல்லும். பேச்சு மட்டுமா போனது. உடம்பு வளர்ந்தது, வயசு ஏறியது, உள்ளே இருந்த ஒன்று மட்டும் அந்த ஐந்து வயசிலேயே உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. இடது காலை இழுத்து இழுத்து நடக்கும். வாயில் மூன்றே வார்த்தை: தம்பி, சோறு, இரு.

கைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. எது கிடைத்தாலும் முடிச்சுப் போடும். வாழைநார், ஆட்டுக்கயிறு, பாவாடை நாடா, எதிரில் உட்கார்ந்து பேசுகிறவர் துண்டு. நாம் போடுகிற முடிச்சு மாதிரி இருக்காது அது. எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. இழுத்தால் இறுகும். ஊசி வைத்து நெம்பினாலும் இறுகும். அக்கா வந்து குனிந்து பார்த்து, இடது கட்டைவிரல் நகத்தை எங்கேயோ ஒரு இடத்தில் கொடுத்து ஒரே இழுவை இழுக்கும். கயிறு கயிறாகக் கிடக்கும். அந்த இடம் எது என்று நான் நாற்பது வருஷம் பார்த்தேன். பிடிபடவில்லை.

அக்கா முதல் முதலாகக் கட்டிப் போட்டது என்னைத்தான். அய்யா சின்ன வயசிலேயே போய்விட்டார். ஆத்தா கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போகும்போது எங்கள் ரெண்டு பேரையும் விட்டுவிட்டுப் போகும். ஆத்தாவின் முதுகு மறைந்ததும் அக்கா என் அரைஞாண் கயிற்றைத் தன் பாவாடையோடு சேர்த்து முடிந்துவிடும். "இரு" என்று சொல்லும். அப்புறம் நான் எங்கே போக? அது உட்கார்ந்தால் நானும் உட்கார வேண்டும், அது எழுந்தால் நானும் எழ வேண்டும். பக்கத்து வீட்டுப் பயல்கள் "ஏண்டா, ஒன்னைய ஒங்க அக்கா ஆடுன்னு நெனச்சுருச்சுடா" என்று கேலி பேசுவார்கள். எங்கள் வீட்டுக்கும் ஊருணிக்கும் நடுவில் இருந்தது பத்து அடி. நான் அதில் விழாமல் வளர்ந்தேன் என்றால் அந்த முடிச்சுத்தான் காரணம்.

ஆத்தா சாகும்போது என்னிடம் சத்தியம் எதுவும் வாங்கவில்லை. என் துண்டின் நுனியைப் பிடித்து அக்காவின் கையில் வைத்தது. அவ்வளவுதான். அக்கா அதைத் தன் முந்தானையோடு முடிந்துகொண்டது.

நான் சின்னதாகக் கடை போட்டபோது அக்காவையும் கூட வைத்துக்கொண்டேன். வேறு எங்கே விட? அங்கேதான் எனக்கு அதிர்ஷ்டம் அடித்தது. தொழிலில் இருப்பவர்களுக்கு வண்டிக்காரர்களைப் பற்றித் தெரியும். கருவாட்டை ஓலைப்பாயில் சுற்றிக் கயிறு போட்டுக் கட்டிய மூட்டையைச் சிப்பம் என்போம். கீரனூருக்கும் குளத்தூருக்கும் சிப்பம் போகிற வழியில் கட்டைத் தளர்த்தி, ரெண்டு கை நெத்திலியை உருவிக்கொண்டு, பழையபடி கட்டி வைத்துவிடுவார்கள். அக்கா கட்டினால் அந்த வேலை நடக்காது. தொட்டால் இறுகும், அறுத்தால் தெரிந்துவிடும். கடைக்காரர் முடிச்சைப் பார்ப்பார், சரக்கு முழுசாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு, அரிவாளால் கயிற்றை வெட்டிப் பிரிப்பார். "நொண்டியம்மா கட்டுன சிப்பம் இருந்தாக் குடுங்க, இல்லாட்டி வேணாம்" என்று குளத்தூரிலிருந்து ஆள் விட்டுக் கேட்பார்கள்.

வண்டிக்காரர்களுக்கு எரிச்சல். ஒருத்தன் வந்து நின்று, "ஏந்தாயி, நீ எந்தக் காலேசுல இந்தக் கட்டைப் படிச்சே? ராசா காலேசுலயா?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தது. "இரு" என்றது. அவன் உட்கார்ந்து வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் அவன் தலைப்பாகை வாலை வண்டியின் முளைக்குச்சியோடு முடிந்துவிட்டது. எழுந்தவன் தலை பின்னால் இழுபட்டு, தலைப்பாகை பிரிந்து மாட்டின் முதுகில் விழுந்தது. அதற்கப்புறம் அவன் அக்காவிடம் வம்பு வைத்துக்கொள்ளவில்லை. "மொதலாளி, ஒங்க அக்காவுக்கு வாய் இல்லாததே நல்லதுங்க" என்றான்.

என் கல்யாணத்தில் ஒரு தகராறு வந்தது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டால் மற்ற ரெண்டையும் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்தவள் போட வேண்டும். பெண் வீடு குடுமியான்மலை. என் மாமியார் கொஞ்சம் தயங்கி, "பங்காளி வீட்டுப் பொண்ணு யாரையாச்சும் விட்டுப் போடச் சொல்லலாமே, மாப்ளே" என்றார்கள். எனக்கு அப்போதே வாய் நீளம். "எனக்கு அக்கான்னு இருக்கிறது ஒண்ணுதான். அது போடும். இல்லேன்னாப் பந்தலைப் பிரிங்க" என்றேன்.

அக்கா போட்டது. மேளக்காரருக்குக் கெட்டிமேளம் அடித்து அடித்துக் கை ஓய்ந்தது. அக்கா அவசரப்படவில்லை. போட்டு முடித்துவிட்டு மணப்பெண்ணின் கன்னத்தைத் தடவி, "இரு" என்றது. சனம் முழுக்கச் சிரித்தது. என் வீட்டுக்காரி தலையைக் குனிந்தபடி அவளும் சிரித்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்: "ஒங்க அக்கா போட்டது முடிச்சா, பூட்டா?"

பூட்டுத்தான். பதினெட்டாம் பெருக்குக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள் இல்லையா, அதற்குப் பழைய கயிற்றை அவிழ்க்க வேண்டும். மற்ற வீட்டுப் பெண்கள் தாங்களே அவிழ்த்துக்கொள்வார்கள். என் வீட்டுக்காரி ஆடிக்கு ஆடி அக்காவுக்கு முன்னால் வந்து முதுகைக் காட்டி உட்கார வேண்டும். "மதினி, வந்துட்டேன், தொறந்து விடுங்க" என்பாள். அக்கா ஒரே இழுவையில் அவிழ்க்கும். மஞ்சள் தடவிய புதுக் கயிற்றைப் போட்டு, மறுபடி ஒரு நாழிகை உட்கார்ந்து முடியும். அவள் அலுத்துக்கொண்டே அக்காவுக்குப் பிடித்த சர்க்கரைப் பொங்கலை ஊட்டிவிடுவாள். ரெண்டு பேருக்கும் ஒத்துத்தான் போனது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

எங்களுக்கு ஒரு மகள், அப்புறம் ஒரு மகன். மகன் நடக்கத் தொடங்கியதும் அக்கா அவனைக் கட்டிப் போடத் தொடங்கியது. நான் சிரித்தேன். நானே அப்படி வளர்ந்தவன்தானே. மண்டியின் பின்னால் ஓலைப்பாய் அடுக்கி வைத்த கொட்டகை. அதன் நடுக்காலில் அவன் இடுப்புக்கயிறு இருக்கும். பக்கத்தில் அக்கா உட்கார்ந்து சிப்பம் கட்டும்.

ஒரு நாள் உச்சிப்பொழுதில் அந்தக் கொட்டகையில் தீப் பிடித்தது. பொறி எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை தெரியாது. காய்ந்த பாய், எண்ணெய் வடிகிற கருவாடு, கேட்கவா வேண்டும். என் வீட்டுக்காரி தண்ணீருக்குப் போயிருந்தாள். நான் முன்னாலிருந்து ஓடினேன். பிள்ளை நடுக்காலில் நின்று கத்துகிறான். முடிச்சைப் பிடித்து இழுத்தேன். இறுகியது. பல்லால் கடித்தேன். புகையில் கண் தெரியவில்லை. அப்போது என் கையைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அக்கா. "தம்பி, தம்பி" என்று கத்தியது. என்னைக் காப்பாற்றத்தான் வெளியே இழுக்கிறது என்று நினைத்து ரெண்டு கையாலும் நெஞ்சில் கொடுத்துத் தள்ளினேன். அக்கா பின்னால் போய், கொட்டகையை ஒட்டிய குட்டை மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தது. நான் முன்னால் ஓடி அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றை வெட்டினேன். அந்த இடைவெளியில் எரிகிற பாய் ஒன்று சரிந்து பிள்ளையின் காலில் விழுந்துவிட்டது.

பிள்ளை பிழைத்தான். முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தோல் சுருங்கிய தழும்பு இன்றைக்கும் இருக்கிறது.

என் வீட்டுக்காரி குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். பிள்ளையை அள்ளிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "மதினி எங்கங்க? அவங்க வந்து அவுத்திருக்கலாமே?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் கிடந்தது என்று எனக்குத் தெரியும்.

"காணோம்" என்றேன்.

"கட்டிப் போட்டுட்டு ஓடிட்டாங்களா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது என்னைக் காப்பாற்றியது. அப்புறம் அதிலிருந்து நான் வெளியே வரவில்லை.

அவள் பிள்ளைகளோடு குடுமியான்மலைக்குப் போய்விட்டாள். பதினைந்து நாள் கழித்துக் கூப்பிடப் போனேன். சண்டை எதுவும் போடவில்லை அவள்.

"அவங்க மேல எனக்கு வெறுப்பு இல்லைங்க. அதுக்கு அறிவு அவ்வளவுதான். ஆனா ஆபத்துன்னா ஓடிப்போற ஆளு போடுற கட்டுல என் புள்ளைய விட மாட்டேன். அவங்களுக்கு ஒரு நல்ல எடமாப் பாருங்க. பாத்துட்டு வாங்க, வாரேன்."

நான் எதையும் முடிப்பவன். மூன்று தாலுகாவில் வியாபாரம் பண்ணுகிறவனுக்கு ஒரு பொம்பளைக்கு இடம் பார்க்கவா தெரியாது என்று கிளம்பினேன்.

திருச்சினாப்பள்ளியில் ஒரு டாக்டர் அக்காவைச் சோதித்துவிட்டு, "இது வியாதியில்லைய்யா, வச்சுப் பாக்க" என்றார். ஒரு மடத்தில், சோறு போடுவோம், பெண்பிள்ளைகளைத் தங்க வைக்கமாட்டோம் என்றார்கள். பெரியம்மா மகள் ஒருத்தி வீட்டில் மூன்று நாள் இருந்தது. நாலாம் நாள், "தம்பி, ஆட்டை மாட்டோட கட்டுது, மாட்டை என்னோட கட்டுது" என்று வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள்.

அப்புறம் தெற்கே ஒரு இடம். பேர் வேண்டாம். அங்கே போனால் குணமாகும் என்று நாலு பேர் சொன்னார்கள். யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பில் ஓடிய பஸ். மேடு வந்தால் ஆம்பிளைகள் இறங்கித் தள்ள வேண்டும். நான் தள்ளும்போது அக்கா ஜன்னல் வழியாக என் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு பகல் முழுக்கப் போய் இறங்கினோம். உள்ளே மரத்துக்கு மரம் ஆள். காலில் சங்கிலி.

"கட்டி வச்சாத்தான் தணியும். ஓடிருவாங்கள்ல?" என்றான் அங்கே இருந்த ஆள்.

"எங்க அக்கா ஓடாது" என்றேன்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா ஒரு பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. அவள் காலிலிருந்த சங்கிலியை எடுத்தது. வளையம் வளையமாகத் தடவிக்கொண்டே மரம் வரை போனது, திரும்ப வந்தது. பூட்டை இப்படிப் புரட்டி அப்படிப் புரட்டிப் பார்த்தது. கட்டைவிரல் நகத்தை எங்கே கொடுப்பது என்று அதற்குத் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தது. அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை அக்காவிடம் பார்த்ததில்லை. அடுத்த பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டோம்.

இதற்குள் நாலு மாசம் ஓடிவிட்டது. அந்தப் பக்கம் பிள்ளைகள் அப்பாவை மறந்துகொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் பூட்டிய வீட்டில் நானும் அக்காவும். காலையில் எழுந்தால் என் வேட்டி கட்டில் காலோடு முடிந்திருக்கும். "இரு" என்று சொல்லிவிட்டுச் சோற்றுக்கு உட்காரும். ஊரில் ஒரு சொல்லுக்கு அடங்காதவன் நான். என் வீட்டுக்குள் என்னால் எழுந்து நிற்க முடியவில்லை.

ஆவூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் ஒரு இல்லம் நடத்துகிறார்கள், கைகால் இல்லாதவர்கள், கண் தெரியாதவர்கள், புத்தி வளராதவர்கள் எல்லாரையும் வைத்துப் பார்க்கிறார்கள் என்று கீரனூர்க் கடைக்காரர் ஒருவர் சொன்னார். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். சுத்தமான இடம். வேப்பமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா அந்த ஈர்க்குச்சிக் கட்டையே பார்த்தது. அவ்வளவு லேசான கட்டு. இங்கே அக்கா இருக்கும் என்று எனக்கு உடனே பட்டது.

எனக்கு முன்னால் ஒருவர் தன் சின்னம்மாவைக் கூட்டி வந்திருந்தார். கண் தெரியாத கிழவி. மதர் அம்மா என்று கூப்பிட்டார்கள் பெரிய கன்னியாஸ்திரியை. இந்தப் பக்கத்துக்காரர்தான், பேச்சிலே தெரிந்தது. அவர் அந்த மனிதரிடம், "நீங்க இருக்கீங்களே, ஐயா. ஒறவு இருக்கவங்கள நாங்க எடுக்கிறதில்லைங்க. யாருமே இல்லாதவங்களுக்கே இந்த எடம் பத்தலை" என்றார். அந்த மனிதர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கிழவியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வெயிலில் போனார்.

அடுத்து நான். "இவங்க ஒங்களுக்கு என்ன வேணும்?"

ஒரு மூச்சு இழுக்கிற நேரம்தான். "என் மண்டியில சிப்பம் கட்டுற பொம்பளைங்க. யாருமில்லை" என்றேன்.

பேர் கேட்டார். அக்காவின் பேரைச் சொன்னால் யாராவது விசாரித்துவிடுவார்களோ என்று ஆத்தாவின் பேரைச் சொன்னேன். எழுதினார். கையெழுத்துப் போடச் சொன்னார். மண்டி வைத்த பிறகு முப்பது வயசில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் கையெழுத்து. அதைப் போடுவதே எனக்குப் பெருமையாக இருக்கும். அன்றைக்கும் அழகாகத்தான் போட்டேன்.

திரும்பினால் என் துண்டு பெஞ்சுக் காலோடு முடிந்திருந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து, "இரு" என்றது. மதர் அம்மா அதைப் பார்த்தார். அவிழ்க்கச் சொன்னால் அக்கா அவிழ்த்திருக்கும். எனக்கு அதை வாய் திறந்து கேட்கத் தைரியம் இல்லை. துண்டைத் தோளிலிருந்து நழுவவிட்டு நடந்துவிட்டேன். "தம்பி" என்று ஒரு தடவை கேட்டது. வாசல் காக்கிற கிழவி கதவைச் சாத்திக்கொண்டே, "மொதலாளி, தம்பின்னு கூப்பிடுதே?" என்றாள்.

"அது எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும்" என்றேன்.

என் வீட்டுக்காரி பிள்ளைகளோடு திரும்பி வந்தாள். வீட்டில் விளக்கு எரிந்தது. வியாபாரமும் நின்றுவிடவில்லை, வண்டிக்காரர்கள் மறுபடி சிப்பத்தில் கை வைக்கத் தொடங்கினார்கள், நான் வண்டிக்கு ஒரு ஆளைக் கூட அனுப்பிச் சமாளித்தேன். ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ஒரு சிப்பம் நல்ல கருவாடு எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போவேன். மொதலாளி வந்திருக்கிறார் என்று பெஞ்சு போடுவார்கள். அக்கா காலை இழுத்துக்கொண்டு வரும். பக்கத்தில் உட்கார்ந்து என் புதுத் துண்டைப் பெஞ்சுக் காலோடு முடியும். சாப்பாட்டு மணி அடிக்கும் வரை நான் இருப்பேன். மணி அடித்ததும் அதுவே ஒரே இழுவையில் அவிழ்த்துவிட்டுப் போகும். பழைய துண்டு அதே பெஞ்சுக் காலில் கிடந்தது. அதை அது அவிழ்க்கவில்லை. வேறு யாராலும் அவிழ்க்கவும் முடியவில்லை.

வீட்டில் இன்னொரு முடிச்சு இருந்தது. நான் அதை மறந்தே போனேன்.

முதல் ஆடி வந்தது. என் வீட்டுக்காரி கயிற்றை முன்னால் இழுத்துப் பார்த்தாள், விட்டுவிட்டாள். ரெண்டாவது ஆடிக்கு அவள் அம்மா வந்து முயற்சி செய்தார்கள். தட்டாரிடம் போய்க் குறடு வைத்துப் பார்த்தார்கள். இறுகியதுதான் மிச்சம். தாலிக்கயிற்றை வெட்ட முடியுமா? அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்க முடியாது. மூன்றாவது ஆடி நெருங்கும்போது கயிறு கறுத்து, இழை இழையாகப் பிரிந்து, இன்றைக்கோ நாளைக்கோ தானே அறுந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. அவள் குனிந்து கோலம் போடும்போதுகூட ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே போட்டாள்.

"என்னை மதினிகிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றாள்.

போகிற வழியில்தான் அங்கே எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். "அப்ப அங்க நான் அவங்கள எப்படிக் கூப்பிடணும்?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா வந்தது. இளைக்கவில்லை. அதன் முந்தானையோடு கண் தெரியாத வேறொரு பெண்ணின் முந்தானை முடிந்திருந்தது. அவளைக் கிணற்றுக்கும் சாப்பாட்டுக்கும் அக்காதான் கூட்டிப்போகிறது என்று மதர் அம்மா சொன்னார். அவளை அவிழ்த்து நிழலில் உட்கார வைத்துவிட்டு வந்தது. என் வீட்டுக்காரியைப் பார்த்தது. கழுத்தைப் பார்த்தது. அவள் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். "மதினி, வந்துட்டேன்" என்று வாய் தவறி வந்துவிட்டது.

ஒரே இழுவை. கறுத்த கயிறு அவிழ்ந்து மடியில் விழுந்தது. புதுக் கயிற்றை எடுத்து அக்கா முடியத் தொடங்கியது. வேப்பமரத்தடியில் விளக்குமாறு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

மதர் அம்மா என் பக்கம் வந்து தணிந்த குரலில் பேசினார். "இதை வேத்தாளு செய்ய மாட்டாங்களே, மொதலாளி. எங்க சனத்துலயும் நாத்தனாதானே போடும்."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நான் ஒண்ணும் கேக்கலை. நீங்க வாயால சொன்னீங்கன்னா நான் எழுதணும். எழுதினா அன்னைக்கே இவங்களக் கூட்டிட்டுப் போயிரணும். இவங்க எடத்துக்கு வெளியில ஆளு காத்துக் கெடக்கு. சொல்றதும் சொல்லாததும் ஒங்க பாடு."

என் வீட்டுக்காரி அதைக் கேட்டுவிட்டாள். கழுத்தில் அக்காவின் கை இருக்கும்போதே என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க. கூட்டிட்டுப் போயிருவோம். பய பெருசாயிட்டான், இனிமே அவனைக் கட்டிப் போட வேண்டியதில்லை. அன்னைக்கு ஓடிப் போனாங்கன்னு எத்தனை வருசத்துக்கு அவங்களக் கோவிச்சுக்கிறது?"

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஓடிப் போனாங்க. அக்காவைக் கூட்டிக்கொண்டு போனால் தினமும் அந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நான் சோறு தின்ன வேண்டும். அக்கா என்று சொன்னால் அந்தப் பகலில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு ஒன்றை வைத்துக்கொள்ள என்னால் ஆகாது. ரெண்டையும் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"சிப்பம் கட்டின பொம்பளைதாங்க" என்றேன் மதர் அம்மாவிடம்.

அக்கா நாலடி தள்ளித்தான் இருந்தது. கேட்டதா, கேட்டாலும் விளங்கியதா, தெரியாது. கை நிற்கவில்லை. முடித்துவிட்டு என் வீட்டுக்காரியின் கன்னத்தைத் தடவியது.

அதற்கப்புறம் ஆறு வருஷம் அக்கா அங்கே இருந்தது. ஆடிக்கு ஆடி என் வீட்டுக்காரி தன் அண்ணனோடு போய்க் கயிறு மாற்றிக்கொண்டு வந்தாள். அக்கா இறந்து மூன்றாம் நாள்தான் எனக்குத் தகவல் வந்தது. மொதலாளிக்குச் சொல்ல அவ்வளவு அவசரம் எதற்கு? கொள்ளி வைக்க வேண்டியவன் போவதற்குள் அவர்களே அடக்கம் பண்ணியிருந்தார்கள். சின்னதாக ஒரு கல் இருக்கிறது. அதில் ஆத்தாவின் பேர். அந்த வருஷமே என் வீட்டுக்காரிக்குத் தங்கத்தில் தாலிக்கொடி செய்து போட்டேன். கனமான கொடி, தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. அதற்கு முடிச்சுக் கிடையாது, கொக்கி. இப்போது அவளும் இல்லை. தீப்பிடித்த பகலில் அவளுடைய மதினி எங்கே இருந்தது என்று கடைசி வரை நான் அவளிடம் சொல்லவில்லை. இதில்தான் எழுதுகிறேன்.

சிப்பம் கட்டின பொம்பளை என்று நான் சொன்ன அன்றைக்கு இல்லத்தில் நடந்தது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. என் வீட்டுக்காரி எழுந்து அந்தப் பக்கம் போனதும், நான் எப்போதும் போலப் பெஞ்சில் உட்கார்ந்து துண்டின் நுனியை அக்காவின் மடியில் வைத்தேன். அக்கா அதைக் கையில் எடுத்தது. சுருக்கத்தைத் தடவி விட்டது. இந்த நுனியும் அந்த நுனியும் சேர்த்து, நாலாக மடித்து, என் மடியில் திருப்பி வைத்தது. மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. எழுந்து போய்க் கண் தெரியாத அந்தப் பெண்ணின் முந்தானையைத் தன்னுடையதோடு முடிந்துகொண்டது. "இரு" என்று அவளிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

பஸ்ஸில் என் வீட்டுக்காரி ஜன்னல் பக்கம். நான் துண்டின் நுனியை எடுத்து ஒரு முடிச்சுப் போட்டேன். அக்கா போடுவது மாதிரியே ரெண்டு சுற்று, உள்ளே கொடுத்து, பல்லால் கடித்து இழுத்தேன். எதிலும் தோற்காதவன் இல்லையா நான். கீரனூர் வருவதற்குள் அது தானாகவே அவிழ்ந்துவிட்டது.